ஆண்ட்ரோமெடா கேலக்ஸி 130 மி.மீ. டெலஸ்கோப்பில் வெறும் கறையாகத் தெரிகிறது: கோளாறு எங்கே? 25 லட்சம் ஒளியாண்டு எப்படி அளந்தார்கள்?

மேல்வானம்_மணப்பாறை கேட்டது:

வணக்கம். கையில இருக்கிறது 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தூரம் உள்ள நியூட்டோனியன் டெலஸ்கோப். கூட வந்தது 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ், ஒரு 2x பார்லோ (உருவத்தை ரெண்டு மடங்கு பெரிசாக்குற லென்ஸ்). தனியா 10x50 பைனாகுலரும் இருக்கு. நிலா, வியாழனோட நாலு துணைக்கோள், சனியோட வளையம் எல்லாம் கூர்மையாத் தெரியுது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி (எம்31) மட்டும் 25 மி.மீ.ல ஒரு வெளுத்த கறை. சுருள் கையும் இல்லை, நிறமும் இல்லை. 10 மி.மீ. போட்டா அந்தக் கறையும் கரைஞ்சு போயிடுது. பார்க்கிற இடம் மணப்பாறைக்கு வெளியே ஒரு வயல். ஊர் வெளிச்சம் கிழக்கே தெரியும், 50 மீட்டர்ல ஒரு தெருவிளக்கு.

கண்ணாடியைச் சரிபண்ணணுமா, ஐபீஸ் மாத்தணுமா, இல்ல ஒளி மாசு ஃபில்டர் வாங்கினா தெரியுமா?

இன்னொண்ணு. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பசங்களுக்கு இதைக் காட்டணும். "25 லட்சம் ஒளியாண்டு"ன்னு சொன்னதும் "யாரு அளந்தா, எதை வச்சு அளந்தா"ன்னுதான் கேப்பாங்க. ராடார் எட்டாது, இடமாறு முறையும் (பூமி நகரும்போது விண்மீன் இடம் மாறித் தெரியறதை வச்சு அளக்கிறது) எட்டாது. அப்போ எப்படி? பள்ளிக்கூடக் கணக்குக்குள்ள அடங்குற மாதிரி விளக்கம் வேணும்.

---

ஏழாம்_மீன்:

வணக்கம் ஐயா. கருவியில் கோளாறு இல்லை. வியாழனின் துணைக்கோள்கள் கூர்மையான புள்ளிகளாகத் தெரிகின்றன என்றால் கண்ணாடிகள் நேராகத்தான் நிற்கின்றன. நீங்கள் பார்த்த கறை எம்31-இன் நடுப்பகுதி. அதைச் சுற்றியுள்ள வட்டு உங்கள் வானத்தின் வெளிச்சத்தில் மூழ்கிக் கிடக்கிறது.

எம்31-இன் பிரகாசம் 3.4 மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்) என்று எல்லாப் பட்டியலிலும் போட்டிருக்கும். 3.4 உள்ள விண்மீன் சிற்றூர்களின் நடுவிலிருந்தே தெரியும். அதனால் இதுவும் எளிது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இந்த ஒளி ஒரு புள்ளியில் இல்லை. ஏறக்குறைய 3 பாகை நீளம், 1 பாகை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த நீளம். ஒரே கரண்டி மாவைச் சின்ன தோசையாகவும் ஊற்றலாம், கல் முழுக்க மெல்லிசாகவும் இழுக்கலாம், அதுபோலத்தான். நடுவில் மட்டும் கனம். ஓரத்துக்குப் போகப் போக வட்டின் ஒளி நல்ல இருட்டு வானத்தின் இயல்பான ஒளியைவிடவே குறைந்துவிடுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பரந்து கிடக்கும் பொருளின் பரப்புப் பிரகாசத்தை, வெறுங்கண் காண்பதைவிட எந்த டெலஸ்கோப்பாலும் கூட்டித்தர முடியாது. விட்டம் பெரிதானால் ஒளி அதிகம் வருகிறது, ஆனால் உருவத்தைப் பெரிதாக்கும்போது அந்த ஒளி பரவிவிடுகிறது. ஆகவே 130 மி.மீ.யிலிருந்து 200 மி.மீ.க்குப் போவதைவிட, இந்த 130-ஐயே 30 கி.மீ. தள்ளி இருட்டான இடத்துக்குக் கொண்டுபோவதில் எம்31-க்குக் கிடைக்கும் பலன் அதிகம். நகர வானம் சதுர வில்நொடிக்கு (வில்நொடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) 18 மேக்னிட்யூட் அளவில் இருக்கும். நல்ல கிராமத்து வானம் 21.5. இந்த 3.5 வித்தியாசம் என்பது பின்னணி வெளிச்சத்தில் 25 மடங்கு. எந்த ஐபீஸும் இதை ஈடுகட்டாது.

ஃபில்டர் வாங்காதீர்கள். ஓரியன் நெபுலா போன்ற வாயு மேகங்கள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் ஒளிர்வதால் அவற்றுக்கு ஃபில்டர் உதவும். கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி. எல்லா நிறத்திலும் பரவியது. தெருவெல்லாம் வெள்ளை எல்இடி ஆன பிறகு அந்த வெளிச்சமும் எல்லா நிறத்திலும் பரவியதே. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும்.

அந்தத் தெருவிளக்குதான் முதல் எதிரி. வானத்தை அது எவ்வளவு கெடுக்கிறதோ, அதைவிட உங்கள் கண்ணைக் கெடுக்கிறது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை செல்போன் திரையைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து. விளக்கு மறையும்படி ஒரு சுவருக்குப் பின்னால் நில்லுங்கள், தலைமேல் கறுப்புத் துணி போட்டுக்கொள்ளுங்கள், வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு மட்டும். பிறகு நேராகப் பார்க்காமல் 10, 15 பாகை தள்ளிப் பார்க்கவேண்டும். மங்கலான ஒளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் உண்டு. வலக்கண்ணால் பார்க்கிறவர்கள் பொருளுக்கு வலப்புறமாகப் பார்க்கவேண்டும். இடப்புறம் பார்த்தால் அது குருட்டுப் புள்ளியில் விழுந்து காணாமலே போகும். நிறம் தெரியாததற்கும் இதே காரணம்: குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. படங்களில் வரும் நீலமும் மஞ்சளும் பல மணி நேர ஒளிச்சேகரிப்பு.

25 மி.மீ. ஐபீஸை மட்டும் வையுங்கள். 650 ÷ 25 = 26 மடங்கு, ஏறக்குறைய 2 பாகை வயல் (ஐபீஸில் ஒரே நேரத்தில் தெரியும் வானப் பரப்பு) கிடைக்கும். கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் 130 ÷ 26 = 5 மி.மீ. 10 மி.மீ. ஐபீஸில் அது 2 மி.மீ. ஆகிவிடுகிறது, பரப்புப் பிரகாசம் 6 மடங்குக்கு மேல் குறையும். பார்லோவையும் சேர்த்தால் 1 மி.மீ., அதாவது 25 மடங்கு குறைவு. கறை கரைந்துபோனது அதனால்தான்.

---

கரும்பலகை:

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மடங்கைக் கூட்டும்போது கேலக்ஸி மங்குகிறது, உண்மை. ஆனால் பின்னணி வானமும் அதே அளவு மங்குகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. 10 மி.மீ.யில் எம்31 காணாமல் போவதற்கு முக்கியக் காரணம், 0.8 பாகை வயலுக்குள் 3 பாகைப் பொருள் அடங்காததுதான். வயல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். எது கேலக்ஸி, எது வானம் என்று பிரித்துக்காட்ட ஓரமே இல்லை. சின்ன கேலக்ஸிகளுக்கு 60, 80 மடங்கு வைத்தால்தான் நன்றாகத் தெரியும். எனவே 10 மி.மீ.யை ஒதுக்கிவிட வேண்டாம். எம்31-க்கு அருகிலேயே இருக்கும் சின்ன கேலக்ஸியான எம்32-க்கு அது பொருத்தமானது.

இனி தொலைவு.

1912-இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியட்டா லெவிட், சிறிய மெகல்லானிக் மேகத்தில் (பால்வழிக்கு அருகிலுள்ள ஒரு சிறு கேலக்ஸி) உள்ள 25 மாறுமீன்களை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். பிரகாசம் கூடிக் குறையும் காலம் நீளமாக இருந்தால் அந்த விண்மீன் அதிகப் பிரகாசமானது. எல்லாம் ஒரே மேகத்தில், நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பவை. ஆகவே இது தோற்றத்தில் உள்ள வித்தியாசமாக இருக்கமுடியாது, உள்ளபடியே உள்ள வித்தியாசம். இவற்றுக்கு செஃபீடு மாறுமீன்கள் என்று பெயர். எத்தனை நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணினால் அதன் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும். தெரியும் பிரகாசத்தை அதோடு ஒப்பிட்டால் தொலைவு வந்துவிடும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், மவுன்ட் வில்சன் 100 அங்குலத் தொலைநோக்கியில் எம்31-ஐப் படமெடுத்த கண்ணாடித் தகட்டில் மூன்று புள்ளிகளை நோவா (திடீரென்று பிரகாசமாகிப் பின் மங்கும் விண்மீன்) என்று குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அதில் ஒன்று நோவா அல்ல, ஏறி இறங்கும் மாறுமீன் என்று தெரிந்தது. நோவாவுக்கான எழுத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, மாறுமீன் என்பதன் சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. துடிப்புக் காலம் 31.4 நாள். முடிவு 1925 ஜனவரி 1 அன்று அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது: ஏறக்குறைய 9 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வழியின் அகலத்தை அப்போது ஹார்லோ ஷேப்லி 3 லட்சம் ஒளியாண்டு என்று சற்றுப் பெரிதாகவே கணித்திருந்தார். அந்த அளவை அப்படியே வைத்துக்கொண்டாலும் எம்31 அதற்கு வெளியே வெகு தொலைவில். பால்வழியே பிரபஞ்சம் என்ற எண்ணம் அதோடு முடிந்தது.

கணக்கைக் கரும்பலகையில் இப்படிப் போடலாம். செஃபீடின் உண்மை மேக்னிட்யூட் (10 பார்செக் தொலைவில் வைத்தால் தெரியும் பிரகாசம்):

−4.05 − 2.43 × (நாள் எண்ணிக்கையின் மடக்கை − 1)

31.4-இன் மடக்கை 1.497. ஒன்றைக் கழித்தால் 0.497, 2.43-ஆல் பெருக்கினால் 1.21. ஆக −5.26. இடையிலுள்ள தூசி மறைத்ததைத் திருத்திய பிறகு இந்த விண்மீன் சராசரியாக 19.2 மேக்னிட்யூட் என்று எடுத்துக்கொள்வோம். 19.2-இலிருந்து −5.26-ஐக் கழித்தால் 24.46. அதோடு 5 கூட்டி 5-ஆல் வகுத்தால் 5.892. பத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 7.8 லட்சம் பார்செக். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு; பெருக்கினால் 25.4 லட்சம் ஒளியாண்டு.

மடக்கை தெரியாத வகுப்புக்கு விதியை மட்டும் சொல்லுங்கள்: இரண்டு மடங்கு தள்ளிப்போனால் நான்கில் ஒரு பங்கு ஒளி, பத்து மடங்கு தள்ளிப்போனால் நூற்றில் ஒரு பங்கு. 24.46 மேக்னிட்யூட் வித்தியாசம் என்பது 600 கோடி மடங்கு மங்கல். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 78,000. பத்து பார்செக்கை 78,000-ஆல் பெருக்கினால் மேலே வந்த அதே விடை. ஒன்பதாம் வகுப்புக்கு இது எட்டும்.

பிழை எங்கே நுழையும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். பிரகாசத்தில் 0.1 மேக்னிட்யூட் பிழை, தொலைவில் 5 சதவீதப் பிழையாக வரும். 1.5 மேக்னிட்யூட் பிழை தொலைவையே பாதியாக்கிவிடும். ஹபிளுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். அவர் பயன்படுத்திய விதியில் இருவேறு வகை மாறுமீன்கள் கலந்திருந்தன. வால்டர் பாட 1940-களில், போர்க்கால விளக்கணைப்பால் லாஸ் ஏஞ்சலஸ் வானம் இருண்டிருந்தபோது, எம்31-இன் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படமெடுத்தார். இளைய விண்மீன், முதிய விண்மீன் என்ற இருவகை அங்கே தெளிந்தது. 1952-இல் ரோமில் நடந்த பன்னாட்டு மாநாட்டில், ஹபிள் கண்ட வகை செஃபீடு ஏறக்குறைய 1.5 மேக்னிட்யூட் அதிகப் பிரகாசமானது, ஆகவே கேலக்ஸிகளின் தொலைவு இரண்டு மடங்கு என்று அறிவித்தார். மீதி வித்தியாசம் பிரகாச அளவீட்டையும் தூசிக் கணக்கையும் திருத்தியதில் வந்தது.

இன்றைய 25 லட்சம் செஃபீடை மட்டும் நம்பி நிற்பதல்ல. எம்31-இல் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன் ஒன்றை அளந்து 2005-இல் 25.2 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. அதில் செஃபீடு விதிக்கு வேலையே இல்லை: விண்மீன்களின் வேகமும் மறைப்பு நேரமும் உண்மை அளவைத் தருகின்றன, அளவும் வெப்பநிலையும் உண்மைப் பிரகாசத்தைத் தருகின்றன. தனித்தனி வழியில் வந்த இரண்டு விடையும் ஒத்துப்போவதால்தான் இந்த எண்ணை நம்புகிறோம்.

---

மேல்வானம்_மணப்பாறை:

ரொம்ப நன்றிங்க. கணக்கு நல்லாப் புரியுது. இன்னும் சில சந்தேகம். எம்31-ஐ எந்த மாசம், எப்படிச் சுலபமாக் கண்டுபிடிக்கிறது? ஃபைண்டர்ல (குழாய் மேல இருக்கிற குறிபார்க்கும் கருவி) தேடித் தேடி நேரம் போகுது. அப்புறம், எல்லா கேலக்ஸியும் விலகிப் போகுதுன்னு பாடத்துல இருக்கு; ஆண்ட்ரோமெடா நெருங்கி வருதுன்னும் படிக்கிறோம். ரெண்டுல எது சரி? நாம பார்க்கிறது 25 லட்சம் வருஷம் பழைய காட்சின்னா, கேலக்ஸியோட கிட்ட ஓரமும் எட்ட ஓரமும் வேற வேற காலத்துக் காட்சியா?

---

ஏழாம்_மீன்:

மாதத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டிகள் நம் ஊருக்குப் பொருந்தாது. அக்டோபர், நவம்பர் என்று அவற்றில் இருக்கும். நவம்பர் நடுவில் எம்31 இரவு 9:20 அளவில் உச்சிக்கோட்டைக் கடக்கும் என்பது சரி. ஆனால் நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரி நடுவில் வானம் தெளிந்திருக்கும். மாலை 7:15-க்கு அந்தி வெளிச்சம் முழுசாகப் போனதும் எம்31 வடமேற்கில் 50 பாகை உயரத்தில் இருக்கும். பிப்ரவரி நடுவில் அதே நேரத்தில் 30 பாகைக்கு இறங்கிவிடும், அடிவானத் தூசியும் புகையும் சேரும். ஆகவே டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை, நிலா இல்லாத மாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முழுநிலா கழிந்து நான்கைந்து நாளானால் முன்னிரவு இருட்டாகிவிடும்.

தேடுவதற்கு முதலில் பைனாகுலர், பிறகு டெலஸ்கோப். பெகாசஸ் சதுரத்தைப் பிடியுங்கள். பஞ்சாங்கத்தில் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று வரும் மீன்கள்தான் அந்த நான்கு மூலைகள். வடகிழக்கு மூலை அல்ஃபெரட்ஸ். அங்கிருந்து சதுரத்துக்கு வெளியே ஒரு வரிசை கிளம்பும்: இடையில் டெல்டா என்ற சுமாரான மீன், அதைத் தாண்டிப் பிரகாசமான மிராக். மிராக்கில் நின்று காசியோப்பியாவின் பக்கம் திரும்புங்கள். 4 பாகை தள்ளி மியூ, 3.9 மேக்னிட்யூட். மிராக்கிலிருந்து மியூ எவ்வளவு தூரமோ, அதே திசையில் அதே தூரம் மறுபடியும் போனால் எம்31. 10x50-இன் வயல் பொதுவாக 6.5 பாகை. மிராக்கும் மியூவும் ஒரே வயலில் அடங்கும். மியூவை ஓரத்துக்குத் தள்ளினால் மறு ஓரத்தில் கேலக்ஸி வந்து நிற்கும்.

ஃபைண்டரில் நேரம் போவது, அது குழாயோடு ஒத்திசையாமல் இருப்பதால்தான் பெரும்பாலும். பகலிலேயே ஒரு கி.மீ.க்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியை 25 மி.மீ.யில் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு 10 மி.மீ.யில் துல்லியமாக்கி, அதே உச்சியில் ஃபைண்டரின் புள்ளியை நிறுத்தித் திருகுகளை இறுக்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. நியூட்டோனியனில் காட்சி தலைகீழாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்: வயலில் பொருள் எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ, குழாயை அதற்கு எதிர்ப்பக்கம் அசைக்கவேண்டும்.

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்களா என்று உறுதிசெய்ய: நடுவில் விண்மீன் போன்ற மையம், அதைச் சுற்றி நீள்வட்டப் பிரகாசம். மையத்துக்குத் தெற்கே 24 வில்நிமிடத்தில், அதாவது நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைந்த தூரத்தில், குவியாத விண்மீன் போல உருண்டையாக எம்32. எதிர்ப்பக்கம் வடமேற்கில் 36 வில்நிமிடத்தில் பெரிதாக, மிக மங்கலாக எம்110. எம்32 தெரு வெளிச்சத்திலும் தெரியும். எம்110 தெரிந்தால் அன்றைய வானம் நல்ல வானம். 150, 200 மி.மீ. கருவியில், மிக இருட்டான இடத்தில், வடமேற்குப் பக்கத்து ஒளி சட்டென்று வெட்டினாற்போல் முடிவது தெரியும். அது தூசிப் பட்டையின் ஓரம். சுருள் கையைக் கண்ணால் எதிர்பார்க்கவேண்டாம். வட்டு நமக்கு ஏறக்குறைய விளிம்புவாட்டில், 77 பாகை சாய்ந்து கிடக்கிறது.

படத்தில் காட்டவேண்டுமென்றால் டிஎஸ்எல்ஆர் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 6 முதல் 8 நொடி, நூறு படம். ட்ராக்கர் (வானத்தோடு கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாமலே போதும். படங்களை அடுக்கும் மென்பொருள்களான டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசம். ஒன்றில் அடுக்கினால் நீள்வட்டமும் இரு துணைக் கேலக்ஸியும் வரும். லென்ஸ் மூடியைப் போட்டு அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் 20 இருட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டால் அடுக்கிய படத்தில் வண்ணப் புள்ளிகள் கோடுகோடாக ஓடும்.

---

தென்வானம்:

நெருங்குதா, விலகுதான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் சரி, அளவுதான் வேற.

1912ல லோவெல் வானாய்வகத்துல வெஸ்டோ ஸ்லிஃபர் எம்31-ஓட நிறமாலையை எடுத்து, விநாடிக்கு 300 கி.மீ. வேகத்துல நம்மை நோக்கி வருதுன்னு கண்டார். ஹபிள் தொலைவை அளக்கிறதுக்குப் பதினோரு வருஷம் முந்தி. 300 கி.மீ. ஒளி வேகத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. அதனால நிறமாலைக் கோடு எல்லாம் ஆயிரத்துல ஒரு பங்கு நீலப் பக்கம் நகரும். 393.4 நானோமீட்டர்ல வரவேண்டிய கால்சியம் கோடு 393.0-ல வரும். அவ்வளவு சின்ன நகர்வு.

ஆனா அந்த 300-ல பாதிக்கு மேல நம்ம ஓட்டம். சூரியன் பால்வழி மையத்தைச் சுத்தி விநாடிக்கு 220 கி.மீ.க்கு மேல ஓடுது, அந்த ஓட்டத்துல ஒரு பகுதி எம்31 பக்கமா இருக்கு. அதைக் கழிச்சா ரெண்டு கேலக்ஸியும் நெருங்கற வேகம் 110 கி.மீ. வாக்கில் வரும்.

பிரபஞ்ச விரிவு விதிப்படி ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும் விநாடிக்கு ஏறக்குறைய 70 கி.மீ. விலகல். எம்31 இருக்கிற தூரத்துக்கு அது வெறும் 55 கி.மீ.தான். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பெரிய கேலக்ஸியோட ஈர்ப்பு அதை எப்பவோ ஜெயிச்சிருச்சு. நம்ம அக்கம்பக்கக் கூட்டத்துக்குள்ள விரிவு இல்லை. விரிவைப் பார்க்கணும்னா தள்ளிப் போகணும்.

தள்ளிப் போறதுக்கு உங்க டெலஸ்கோப்பே போதும். மார்ச்சிலிருந்து மே வரை எம்104-ங்கிற கேலக்ஸியைப் பாருங்க. அஸ்தத்துக்கும் சித்திரைக்கும் நடுவுல, 8 மேக்னிட்யூட், தமிழ்நாட்டுல தெற்கே 67 பாகை வரை ஏறும். ஐரோப்பாவுல தாழ்வாக் கிடக்கிற பொருள் நமக்கு உச்சிக்குப் பக்கத்துல கிடைக்குது. இதுக்கு 10 மி.மீ. ஐபீஸ்தான் பொருத்தம். தொலைவு ஏறக்குறைய 3 கோடி ஒளியாண்டு, விநாடிக்கு 1,000 கி.மீ. வேகத்துல விலகுது. அதே பருவத்துல கன்னி ராசிக் கேலக்ஸிக் கூட்டத்துல எம்87: 5.4 கோடி ஒளியாண்டு, 1,280 கி.மீ. ஒரு எச்சரிக்கை: இந்த ஒண்ணு ரெண்டை வச்சுப் பசங்களை விரிவு வேகம் கணக்குப் போடச் சொல்லாதீங்க. எம்104 தூரத்துக்கு விதிப்படி 650 சொச்சம்தான் வரணும். மீதி அதோட சொந்த ஓட்டம். இன்னும் பல கோடி ஒளியாண்டு தள்ளிப் போனாத்தான் சொந்த ஓட்டம் விரிவுக்கு முன்னால சின்னதாகும்.

மோதல் பத்தியும் கேப்பாங்க. "400 கோடி வருஷத்துல நிச்சயம் மோதும்"னு பழைய கட்டுரைகள்ல இருக்கும். 2025ல வெளியான கணிப்புல, பெரிய மெகல்லானிக் மேகத்தோட ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, அடுத்த 1,000 கோடி வருஷத்துக்குள்ள மோத ஏறக்குறைய சரிபாதி வாய்ப்புதான்னு வந்திருக்கு. "நிச்சயம்"ங்கிற வார்த்தையை விட்டுடுங்க.

ஓரம் பத்தின கேள்வி அருமை. ஆமா, வேற வேற காலம்தான். வட்டோட குறுக்களவு 1.5 லட்சம் ஒளியாண்டுக்குக் குறையாது, 77 பாகை சாய்வு. ஆகவே எட்ட ஓரத்து ஒளி, கிட்ட ஓரத்து ஒளியைவிட ஏறக்குறைய 1.5 லட்சம் வருஷம் முந்திக் கிளம்பியிருக்கணும், அப்பத்தான் ரெண்டும் ஒண்ணா உங்க ஐபீஸுக்கு வரும். அதனால உருவம் கோணலாத் தெரியுமா? தெரியாது. அங்க விண்மீன்கள் விநாடிக்கு 250 கி.மீ. வேகத்துல சுத்துது, 1.5 லட்சம் வருஷத்துல 125 ஒளியாண்டுதான் நகர்ந்திருக்கும். 1.5 லட்சத்துல 125 கண்ணுக்கே படாது.

"பிரபஞ்சத்துக்கு வயசு 1,380 கோடி வருஷம், அப்போ எல்லை 1,380 கோடி ஒளியாண்டா?"ன்னு ஒரு பையனாவது கேப்பான். இல்லை, ஒளி வந்துகிட்டிருந்த காலத்துலயே இடமும் விரிஞ்சுகிட்டு இருந்துச்சு. நாம பார்க்கக்கூடிய எல்லை இன்னைக்கு எல்லாத் திசையிலயும் ஏறக்குறைய 4,600 கோடி ஒளியாண்டு.

---

மிதுனம்_வாசகர்:

கரும்பலகை ஐயா சொன்ன கணக்கில் ஒரு கண்ணியை மாணவர்களே வெறுங்கண்ணால் சோதிக்கலாம். எம்31-இன் செஃபீடு 19 மேக்னிட்யூட், யாருக்கும் எட்டாது. மிதுனத்தில் சீட்டா என்ற மீன் அதே வகை செஃபீடு, 3.6-க்கும் 4.2-க்கும் இடையே 10.15 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஜனவரியில் முன்னிரவிலேயே கிழக்கில் இருக்கும்.

இடம்: புனர்பூசத்தின் பொலக்ஸுக்கும், மிதுனத்தின் கால்பக்கம் உள்ள அல்ஹீனாவுக்கும் நடுவில் இரண்டு மீன்கள். பொலக்ஸ் பக்கம் இருப்பது டெல்டா, அல்ஹீனா பக்கம் இருப்பது சீட்டா. ஒப்பிட மூன்று மீன்: டெல்டா 3.5, அயோட்டா 3.8, நியூ 4.1. டெல்டாவுக்கும் அயோட்டாவுக்கும் சரிநடுவில் என்று தோன்றினால் 3.65 என்று எழுதுங்கள். ஒவ்வொரு மாலையும் ஏறக்குறைய ஒரே நேரம், மூன்று சுற்றுக்கு 30 நாள். மேகம் மறைத்த நாளை வெற்றாக விடவேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது.

கெடுவது இரண்டு இடத்தில். நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு எழுதினால் கை தானாகவே எதிர்பார்த்த எண்ணைப் போடும். ஒவ்வொருவரும் தனித்தாளில் எழுதி மாதக் கடைசியில் சேர்க்கட்டும். அடுத்தது, மிதுனம் 30 பாகைக்குக் கீழே இருக்கும்போது மதிப்பிடுவது: கீழே உள்ள ஒப்பீட்டு மீன் காற்றில் அதிகம் மங்கி, சீட்டாவைப் பிரகாசமாகக் காட்டிவிடும். ஒருவரின் மதிப்பீட்டில் 0.1, 0.2 பிழை இயல்பு. பத்து மாணவர்களின் சராசரியில் வளைவு தெளிவாக வரும். சில செஃபீடுகள் போல வேகமாக ஏறி மெதுவாக இறங்காது; ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும்.

காலம் ஏறக்குறைய 10 நாள் என்பதால் கணக்கும் எளிது. மடக்கை 1, உண்மை மேக்னிட்யூட் −4.07. சராசரி 3.9. வித்தியாசம் 7.97, 5 கூட்டி 5-ஆல் வகுத்தால் 2.594, 393 பார்செக், அதாவது 1,280 ஒளியாண்டு. இடமாறு முறையில் நேரடியாக அளந்த தொலைவு 1,200 ஒளியாண்டை ஒட்டியது. பாதையில் தூசி குறைவு என்பதால்தான் இவ்வளவு நெருங்கி வருகிறது. தூசியின் வேலையைக் காட்ட, ஆகஸ்டு, செப்டம்பரில் கழுகு மண்டலத்து ஈட்டாவை எடுக்கலாம்: 7.18 நாள், சராசரி 3.9, தூசியைக் கணக்கில் எடுக்காவிட்டால் 330 பார்செக் வரும். தூசி மறைப்பு 0.45 மேக்னிட்யூடைக் கழித்தால் 270-க்கு இறங்கும்.

சீட்டாவைப் பிப்ரவரி கடைசிக்குள் தொடங்கிவிடுங்கள். மே மாதத்தில் மிதுனம் மேற்கே சாய்ந்துவிடும், தேர்வுக் காலமும் குறுக்கே வரும்.